ஏற்காட்டிலிருந்து இறங்கிய பிறகு

சேலத்துக் குடும்பங்களில் குடியை நிறுத்துவதற்கு எந்த மருத்துவரும் எழுதித் தராத ஒரு வைத்தியம் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. வீட்டில் சண்டை முற்றி, கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று, சொந்தபந்தம் கூடிப் பேசி ஓய்ந்ததும், பெரியவர் ஒருவர் "ரெண்டு மாசம் மேலே அனுப்பி வைங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்பார். மேலே என்றால் ஏற்காடு. அங்கே ஏதாவது ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாகவோ மேஸ்திரியாகவோ தெரிந்தவர் இருப்பார். அவர் பொறுப்பில் ஆளை விட்டுவிட்டு வருவார்கள். வீட்டார் எதிர்பார்த்ததைவிட எளிதாகவே அவர் அங்கே குடிக்காமல் இருந்துவிடுவார். முகம் தெளியும், சோறு இறங்கும், தூக்கம் வரும். பிறகு ஒருநாள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரம் தாண்டி, அஸ்தம்பட்டி வழியாக ஊருக்குள் வந்து சேர்வார். அந்த வாரச் சனிக்கிழமைக்குள் பழைய கடையின் பழைய மூலையில் நிற்பார். "அங்கே இருக்க முடிஞ்ச மனுசனுக்கு இங்கே இருக்க முடியாதா? எல்லாம் திமிரு" என்பது அதன்பிறகு வீட்டில் வழங்கப்படும் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பில் உள்ள கேள்வி மிக நல்ல கேள்வி. அதைக் கோபத்தில் கேட்டுவிட்டு நாமே திமிர் என்று விடையும் சொல்லி முடித்துவிடுகிறோம் என்பதுதான் சங்கடம். அடிமைப்பழக்கத்தைப் பற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளில் உளவியலும் நரம்பியலும் கண்டறிந்தவற்றில் பெரும்பகுதி, மேலே முடிந்தது கீழே ஏன் முடியவில்லை என்பதற்கான விளக்கமாகவே எனக்குப் படுகிறது. ஆனால் சிகிச்சைக்கென்று ஒரு குடும்பம் புரட்டும் பணமும் பொறுமையும் மலையேறும் பாதிக்கே செலவாகிவிடுகின்றன. இறங்கி வந்த பிறகு செய்ய வேண்டியதற்கு யாரிடமும் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் என் சித்தப்பா வைத்திருக்கும் கொலுசுப் பட்டறையில் நான் கணக்குப் பார்க்கிறேன். என் அம்மாவின் தம்பி அங்கே வேலை செய்கிறார். வளையங்களைக் கோத்து, பொடி வைத்துப் பற்றவைப்பதில் அவர் கை சுத்தம். அவரும் மேலே அனுப்பப்பட்டு வந்தவர்தான். பெயர் வேண்டாம், மற்றதை எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறார். எனவே இதில் அவர் மாமா என்றே வருவார்.

மாமாவிடம் குடிப்பது பற்றிக் கேட்டால், ருசியைப் பற்றியோ மயக்கத்தைப் பற்றியோ அவர் பேசமாட்டார். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குச் சித்தப்பா மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தத்தைப் பற்றிப் பேசுவார். நோட்டை எண்ணும் ஒலி, கூலியை வாங்கிச் சட்டைப்பையில் வைக்கும்போது நெஞ்சருகே படும் தாளின் கனம், படியிறங்கியதும் இடதுபக்கம் போகும் சந்து ஆகியவைதான் அவர் நினைவில் நிற்கின்றன. "சரக்கு உள்ளே போறதுக்கு முன்னாடியே ஏறிடும்" என்பார். இது கவித்துவமான மிகைப்படுத்தல் என்று நான் நினைத்திருந்தேன். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்து நடத்திய ஆய்வுகளைப் படித்தபோது, மாமா சொன்னதில் மிகை ஏதும் இல்லை என்று தெரிந்தது. குரங்குக்குத் தொடக்கத்தில் பழச்சாறு கிடைக்கும்போதுதான் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று அது பழகிய பிறகு, அந்தத் துடிப்பு சாற்றை விட்டுவிட்டு விளக்குக்கு நகர்ந்துவிடுகிறது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே சரிகிறது. அதாவது மூளை, இன்பத்தைவிட இன்பம் வரப்போகிறது என்ற அறிகுறியையே கூர்ந்து கற்றுக்கொள்கிறது. அறிகுறி வந்தும் பொருள் வராமற்போனால் அதை ஓர் இழப்பாகவே உணர்கிறது. குரங்குக்கு விளக்கு எதுவோ அதுதான் மாமாவுக்கு மேசை இழுப்பறையின் சத்தம்.

இதற்கு அடுத்தபடியாக டெர்ரி ராபின்சன், கென்ட் பெர்ரிட்ஜ் என்ற இருவர் 1993இல் முன்வைத்த கருத்து, குடிநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு உடனே புரியும். ஒன்றை விரும்பி ரசிப்பதும் ஒன்றின்மீது வேட்கை கொள்வதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடப்பவை என்றும், பழக்கம் முற்ற முற்ற ரசனை தேய்ந்துபோக, வேட்கை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். பிடிக்காத ஒன்றை ஒருவர் ஏன் தேடித்தேடிப் போகிறார் என்ற வீட்டாரின் திகைப்புக்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் படித்ததில்லை. "அவருக்குக் குடும்பத்தைவிட அதுதான் பிடிக்கும்" என்று அத்தை பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி சில வருடங்களில் மாமாவுக்கு அது பிடிக்கவும் இல்லை என்பதே உண்மை.

கனடாவைச் சேர்ந்த ஷெப்பர்ட் சீகல், இடத்துக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பை இன்னும் கடுமையான வகையில் காட்டினார். 1982இல் வெளியான அவருடைய ஆய்வில், ஹெராயினுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட எலிகளுக்கு மிகையான அளவு மருந்து செலுத்தப்பட்டது. வழக்கமாக மருந்து பெறும் அறையில் அதைப் பெற்ற எலிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறந்தன. பழக்கமில்லாத அறையில் அதே அளவைப் பெற்றவற்றில் மூன்றில் இரு பங்கு இறந்தன. போதை வரப்போகிறது என்று அந்த இடத்தைக் கொண்டே உடல் தெரிந்துகொண்டு, அதை எதிர்கொள்ள முன்கூட்டியே எதிர்த்திசையில் தயாராகிறது என்பது சீகலின் விளக்கம். அந்தத் தயாரிப்பு நடந்து முடிந்து போதைப்பொருள் வராமல் போனால், உடலில் மிஞ்சுவது தவிப்பு. ஏற்காட்டில் இரண்டு மாதம் இல்லாதிருந்த தவிப்பு, செவ்வாய்ப்பேட்டைச் சந்தின் முனையில் ஒரு நிமிடத்தில் வந்துவிடுவது இப்படித்தான். அது நடிப்பல்ல. அந்த நேரத்தில் வியர்க்கும், வாய் ஊறும், கை நடுங்கும்.

இதே கதையைத் தலைகீழாகக் காட்டிய பெரிய நிகழ்வு வியட்நாம் போர். அங்கே பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் மலிந்திருந்தது. 1971இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் தொடர்ந்து சென்று ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் அங்கே தாங்கள் அடிமைப்பட்டிருந்ததாகச் சொன்னார்கள். அப்படி அடிமைப்பட்டிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காடுதான். மூன்று ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் 12 விழுக்காடு. ஹெராயினைத் தொட்டவர் மீளமாட்டார் என்று நம்பியிருந்த காலத்தில் இந்த எண்களைப் பலர் ஏற்க மறுத்தார்கள். அந்த வீரர்களுக்குப் போதையின் இடம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது, வீடு அதற்குச் சம்பந்தமில்லாத இடமாக இருந்தது. நம்மவர்களுக்கோ போதையின் இடமே வீடிருக்கும் தெரு. நாம் அனுப்பும் ஏற்காடுதான் அவர்களுக்கு வியட்நாம் அல்லாத நாடு. அங்கேயே அவர்கள் தங்கிவிட முடியாது.

மலையை உயர்த்திப் பேசுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. ஏற்காட்டிலும் கடை உண்டு, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் குடியால் சீரழிந்தவையும் உண்டு. குளிருக்குக் குடிக்கிறோம் என்ற சாக்கும் உண்டு. (சாராயம் தோலின் இரத்தக் குழாய்களை விரியச்செய்து சூடு போலத் தோன்றவைத்து, உண்மையில் உடற்சூட்டை வெளியேற்றிவிடும்.) சேலத்திலிருந்து போனவருக்கு அங்கே கூட்டாளி இல்லை, கூலிநாள் இல்லை, பழகிய மூலை இல்லை, அவ்வளவுதான் மலை செய்யும் வைத்தியம். சேர்வராயன் மலையில் பிறந்து அங்கேயே குடிக்குப் பழகிய ஒருவரைச் சேலத்தில் உறவினர் வீட்டில் இரண்டு மாதம் வைத்திருந்தால், அவருக்கு நம்முடைய இரைச்சலான ஊரே ஏற்காடாக இருக்கும்.

ஒரு மனிதனை இடம் மாற்றுவதற்குப் பதிலாக, இடத்திலிருந்து பொருளையே அகற்றிவிடும் முயற்சிக்கும் சேலம்தான் முதல் களம். இந்நகரில் வழக்கறிஞராக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கு நீண்டது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1943இல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குப் பிறகான விலக்கு, தளர்வு, மீண்டும் விலக்கு என்ற வரலாற்றைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைகள் குறைந்தால் குடியிலிருந்து மீண்டுவருபவர் தெருவில் நடப்பது எளிதாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பக்கத்தில் கடை வைப்பதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஏற்கெனவே உடலளவில் சார்ந்துபோனவரிடமிருந்து பொருளை மட்டும் எடுத்துவிட்டு, அவருக்கு வேறெதுவும் தராமல் விடுவது இரண்டு விதங்களில் உயிரைக் குடிக்கிறது. கல்வராயன் மலையடிவாரத்திலும் சுற்றுவட்டத்திலும் காய்ச்சியது ஒரு பக்கம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். மற்றொன்று, பலருக்குத் தெரியாத ஆபத்து: திடீரென நிறுத்துவதே கொல்லக்கூடும்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லிலிட்டர். ஆல்கஹால் அளவு 42.8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பத்துக் கேள்விப் பட்டியலில், ஒரே அமர்வில் ஆறு அலகு அல்லது அதற்கு மேல் குடிப்பது எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று ஒரு கேள்வி வரும். ஓர் அலகு என்பது பத்துக் கிராம். அங்கே மிகைக்குடி என்று கேட்கப்படுவது நம்மூரில் "ஒரே ஒரு குவார்ட்டர்தான்". மணிக்கு ஏழிலிருந்து பத்துக் கிராம் வரைதான் உடலால் எரிக்க முடியும் என்பதால், இரவு ஒன்பதுக்குக் குடித்தது விடிகாலையில்தான் வடிகிறது. வடிந்ததும் நடுக்கம் தொடங்குகிறது. பட்டறையில் எட்டு மணிக்குப் பற்றவைக்க உட்காரும் மாமாவின் கை, பொடியை வளையத்தின் இணைப்பில் வைக்காமல் பக்கத்தில் சிதறும். கடை திறக்கப் பன்னிரண்டு மணியாகும். அதுவரை சந்துக்கடைதான் கதி. இந்தக் கட்டத்தில் குடிப்பது போதைக்காக அல்ல, கை நிற்பதற்காக. 2020 மார்ச்சில் ஊரடங்கோடு கடைகள் மூடப்பட்டபோது, வார்னிஷையும் சவர லோஷனையும் குடித்து ஆட்கள் இறந்ததாகத் தமிழ்நாட்டில் வந்த செய்திகளைப் படித்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். அது வெறியின் அளவைக் காட்டியது என்றார்கள். அது நோயின் அளவு.

நிறுத்திய முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை வரும். மலைக்குப் போவதற்கு முன்பு ஒருமுறை வீட்டிலேயே சத்தியம் செய்து நிறுத்திய மாமாவுக்கு அது வந்தது. அரசு மருத்துவமனைக் கட்டிலில், கண் திறந்தபடியே, எதிரில் யாரையும் அடையாளம் தெரியாமல், அவர் இரண்டு கைகளின் விரல்நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். இடதுகை எதையோ பிடித்திருக்க, வலதுகை எடுத்து நுழைத்து, இறுக்கி, அடுத்ததை எடுத்தது. போர்வையில் பூச்சி தேடுகிறார் என்று அத்தை நினைத்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அவர் வளையம் கோக்கிறார். ஒவ்வொரு பத்து வளையத்துக்கும் ஒருமுறை கையை உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அவருடைய பழக்கம்கூட மாறவில்லை. தன் தொழிலையே கைகளால் செய்துகொண்டிருப்பது இந்தப் பிரமையில் காணப்படும் ஓர் அறிகுறி என்று பயிற்சி மருத்துவர் சொன்னார். வண்டியோட்டிகள் ஸ்டியரிங்கைத் திருப்புவார்களாம். டயாசிபாம் வகை மருந்தை அளவு பார்த்துக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் எனும் பி1 வைட்டமினைத் தருவதும் இந்த வாரத்தின் வேலை. தயமின் பற்றாக்குறையோடு விட்டுவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகவே பழுதாகிவிடக்கூடும். பல வருடம் தினமும் குடித்தவரை எடுத்த எடுப்பில் மலைக்கு அனுப்புவதில் உள்ள ஆபத்து இதுதான். மூன்றாம் நாள் இரவு அவரைப் பார்க்கத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு என்ன தெரியும்?

உள்ளூர்ச் சுவர்களிலும் தொலைக்காட்சியின் பின்னிரவு விளம்பரங்களிலும், இப்போது கைப்பேசியிலும் வரும் "அவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்" என்ற பவுடர்களைப் பற்றி நான் பொறுமையோடு எழுத இயலாது. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையையும் சிலர் பொடித்துச் சாம்பாரில் கலப்பதுண்டு. 1940களின் இறுதியில் டென்மார்க்கில் எரிக் ஜேக்கப்சன், யென்ஸ் ஹால்டு ஆகியோர் குடிக்கான மருந்தாகக் கொண்டுவந்த இது, ஆல்கஹால் உடலில் சிதையும் வழியைப் பாதியில் அடைத்து அசிட்டால்டிஹைடைத் தேங்கவைக்கிறது. மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்துபோகலாம். மருத்துவர் மேற்பார்வையில், குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே விழுங்குபவருக்கு இது ஒரு வேலி. தெரியாமல் விழுங்குபவருக்கு இது நஞ்சு. அதைவிடவும் பெரிய நட்டம், விஷயம் வெளிப்பட்ட நாளிலிருந்து அவர் வீட்டுச் சோற்றை நம்பமாட்டார்.

மருந்தே வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. நால்ட்ரெக்சோன் குடியின் இன்பப் பரிசைக் குறைக்கிறது; அகாம்ப்ரோசேட், நிறுத்திய பிறகு நீடிக்கும் மனக்கொதிப்பைத் தணிக்கிறது. இரண்டும் மந்திரமல்ல, இரண்டும் ஓரளவு உதவும். நம்மூரில் அவற்றைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

நம்முடைய மரபிலேயே சிகிச்சைக்கு மிக நெருங்கிய ஒன்று இருக்கிறது, அதை உளவியல் கண்ணோடு பார்ப்பவர்கள் அரிது. கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடிக்கமாட்டார். வருடம் முழுவதும் கடையில் கிடந்தவர்கூட அந்தப் பக்கம் போகமாட்டார் என்பது ஊரறிந்தது. பக்திதான் காரணம் என்போம். பக்தியோடு சேர்ந்து எத்தனை மாறுகின்றன என்று பாருங்கள். விடிகாலைக் குளியல், மாலையிலும் குளியல். உடை மாறுகிறது, உணவு மாறுகிறது, படுக்கை மாறுகிறது. மாலை ஐந்தரைக்குப் போக வேண்டிய இடம் பஜனை நடக்கும் இடமாகிறது. கூட்டாளிகள் மாறுகிறார்கள். முக்கியமாக, முதலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோரும் அவரைச் "சாமி" என்றழைக்கிறார்கள்; குடிகாரர் என்ற முகவரி அவருக்கு ஒன்றரை மாதத்துக்கு இல்லாமல் போகிறது. நெருங்கிய கூட்டாளிகூட "ஒரு கட்டிங் மட்டும்" என்று சாமியிடம் கேட்கத் துணியமாட்டான். பழைய அறிகுறிகள் அனைத்தையும் ஊரை விட்டுப் போகாமலேயே ஒரேயடியாக மாற்றிவிடும் ஏற்பாடு இது. மாலையைக் கழற்றிய அன்றைக்கு இவை அனைத்தும் ஒரேயடியாகத் திரும்புகின்றன. அன்று மாலையே கடையில் நிற்பவர்களைக் கேலி செய்யும் நாம், அந்த மண்டலத்தில் உதவியவற்றில் எதை மிச்சம் வைத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பதில்லை. விடிகாலைக் குளியலையும் மாலை நேரத்துக் கூட்டத்தையும் தொடர எந்தக் குருசாமியும் தடைசொல்லப் போவதில்லை.

சத்தியமும் கோயில் கயிறும் இன்னொரு இடத்தில் இடறுகின்றன. மீண்டும் விழுவதைத் தடுப்பது பற்றி 1980களில் விரிவாக எழுதிய ஆலன் மார்லாட் என்ற உளவியலாளர், ஒரு தடவை சறுக்குவதற்கும் முழுமையாக விழுவதற்கும் நடுவில் நடப்பது என்ன என்று ஆராய்ந்தார். ஒருபோதும் தொடமாட்டேன் என்று சபதம் செய்தவர் ஒரு மிடறு குடித்ததும், "கெட்டாச்சு, இனி என்ன" என்ற எண்ணம் வருகிறது. சறுக்கலுக்குக் காரணம் தன் இயல்பான கேடுதான் என்று முடிவுகட்டிக்கொள்கிறார். குற்றவுணர்வைத் தணிக்க அவருக்குத் தெரிந்த மருந்தும் அதே குடிதான். சாமி சத்தியம் முறிந்தால் தெய்வக்குற்றமும் சேர்ந்துகொள்வதால் இந்தச் சரிவு நம்மிடையே இன்னும் செங்குத்தானது. மார்லாட்டின் வழி, எந்தெந்த நேரம், எந்தெந்த இடம், எந்தெந்த ஆள் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று ஒத்திகை பார்ப்பது. வேட்கை எழுந்து, உச்சத்துக்குப் போய், எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தானாகத் தணியும் என்று கவனித்துப் பழகுவதும் அதில் அடக்கம். மாமா அந்த அரைமணியை எங்கே கழிப்பது என்று தேடி, லீ பஜார் பக்கம் தராசுக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் போய் உட்கார்ந்து பழகினார்.

பேச்சு வைத்தியத்தைப் பற்றி நம்மவர்களுக்கு இளக்காரம் உண்டு. "கவுன்சலிங் பண்ணினா குடிகாரன் திருந்துவானா" என்பார்கள். அவர்கள் நினைத்திருப்பது அறிவுரை. வில்லியம் மில்லர் 1983இல் எழுதத் தொடங்கிய முறை அறிவுரைக்கு நேர்மாறானது. எதிரில் இருப்பவர் குடியின் கேட்டைச் சொல்லச் சொல்ல, குடிப்பவர் அதன் நியாயங்களைச் சொல்லித் தன்னையே உறுதிப்படுத்திக்கொள்வார் என்று அவர் கண்டார். எனவே மாற்றத்துக்கான காரணம் நோயாளியின் வாயிலிருந்தே வரும்படி கேள்வி கேட்டுக் காத்திருப்பதுதான் ஆலோசகரின் திறமை. மாமாவிடம் ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, குடியால் அவருக்கு என்ன நன்மை என்பது. அத்தைக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சமல்ல. மாமா நெடுநேரம் யோசித்து, "கை நிக்குதுங்க" என்றார். பிறகு அவராகவே, "கை நின்னா போதும், அது வேண்டாம்" என்றார். அங்கிருந்துதான் பேச்சு நகர்ந்தது. கோவாவில் விக்ரம் படேல், அபிஜித் நட்கர்ணி முதலானோர் நடத்திய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. உளவியல் பட்டமில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நான்கு அமர்வுகள் வரை பேசவைத்தபோது, மூன்று மாதத்தில் 36 விழுக்காட்டினரின் குடி கட்டுக்குள் வந்தது; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 விழுக்காடு. பெரிய அதிசயமில்லை. ஆனால் அவர்கள் யாரும் எங்கும் அனுப்பப்படவில்லை, தத்தம் ஊரில் இருந்தபடியே மீண்டார்கள்.

அனுப்புவது என்று வரும்போது மலைக்கு அடுத்தபடி தனியார் மறுவாழ்வு இல்லங்கள். நல்ல இல்லங்கள் உண்டு. நள்ளிரவில் வண்டியோடு வந்து, ஆளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போய், அடித்து, பூட்டிவைத்து, மாதக்கணக்கில் குடும்பத்திடம் பணம் கறக்கும் இடங்களும் உண்டு. மது, போதைப்பொருள் தொடர்பான மனநலக் கேடுகளும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அச்சட்டப்படி இத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். வெளியே வந்த பிறகு யார் தொடர்ந்து பார்ப்பார்கள் என்று அவசியம் கேளுங்கள். 2019இல் வெளியான எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசிய ஆய்வு, இந்தியாவில் குடிக்கு அடிமைப்பட்ட 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்றது. தொலைபேசியில் பேசத் தயங்காதவர்களுக்கு, போதை மீட்புக்கான 14446, மனநல உதவிக்கான 14416 ஆகிய தேசிய எண்கள் கட்டணமின்றி இயங்குகின்றன.

ஊரைவிட்டு ஆளை எடுக்காமல் சிகிச்சையை ஊருக்குக் கொண்டுபோன முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, 1980களின் இறுதியிலிருந்து குடவாசலுக்கு அருகிலுள்ள மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. ஊராரே இடமும் உணவும் தந்து, குடும்பங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்த முகாம் அது. பக்கத்து வீட்டுக்காரர் கண்முன்னால் மீண்டவருக்கு, திரும்பிப் போவது என்று தனியாக ஒன்று இல்லை. 1935இல் அமெரிக்காவின் ஓஹயோவில் தொடங்கி, இன்று தமிழிலும் கூட்டம் நடத்தும், குடியிலிருந்து மீள்பவர்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் வலுவும் இதே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டம் மாலை நேரத்தில் நடக்கிறது, அதே ஊரில் நடக்கிறது, அங்கே இருப்பவர்களும் அதே சந்துகளைக் கடந்து வந்தவர்கள்.

எங்கள் பட்டறையில் மாறியது கூலிநாள். ஆலோசகர் கேட்டுக்கொண்டபடி, மாமாவின் கூலியைச் சனிக்கிழமை கையில் தராமல் திங்கள்கிழமை அத்தையின் வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தோம். "பொண்டாட்டி கையில கூலியா" என்று மற்றவர்கள் சில வாரம் கிண்டலடித்தார்கள். அமெரிக்காவில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களில் கோகெயின் நோயாளிகளுக்குச் செய்ததைப் போல, சுத்தமாக இருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் கூடுதலாகச் சிறு தொகை தந்தால் என்ன என்று நான் சித்தப்பாவிடம் கேட்டேன். அந்த முறைக்கு, குறிப்பாகக் கிளர்ச்சியூட்டும் போதைப்பொருள்களில், வலுவான சான்று உண்டு. "ஒழுங்கா இருக்கறவனுக்கெல்லாம் என்ன தர்றது?" என்றார் சித்தப்பா. அதற்கு என்னிடம் விடை இல்லாததால், மாமா அடமானம் வைத்திருந்த தராசை மீட்க வாரந்தோறும் ஒரு பங்கு பிடித்து வைப்பது என்று சமரசமானது.

ஒரு நெருங்கிய உறவினரின் சாவுக்குப் போன இடத்தில் மாமா குடித்தார். சாவு வீட்டில், பந்தலுக்குப் பின்னால், இளவட்டங்கள் ஊற்றிக்கொடுத்தார்கள். இம்முறை யாரும் மலையைப் பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமை புறநோயாளிப் பிரிவுக்குப் போனார்கள். ஆலோசகர் பழைய பட்டியலை எடுத்து, அதில் கூலிநாளுக்குக் கீழே துக்க வீட்டைச் சேர்த்தார். இனி அத்தையோடு போவது, மாலை போட்டதும் திரும்பிவிடுவது, இரவு தங்க வேண்டியிருந்தால் பெண்கள் பக்கத்துத் திண்ணையில் படுப்பது என்று மூன்று வரி எழுதினார். மாமா அதில் நான்காவதாகத் தீபாவளி போனஸ் என்று தானே எழுதிக் கொடுத்தார்.

போனஸ் விஷயம் இன்னும் முடியவில்லை. வருடத்தில் ஒருநாளாவது கட்டுநோட்டைக் கையில் வாங்குவது தொழிலாளியின் கௌரவம், அதையும் வங்கியில் போட்டால் அவன் மனுசனா என்பது சித்தப்பாவின் கட்சி. கையில் வேண்டாம் என்கிறார் மாமா. போன வாரம் மதியச் சாப்பாடு கொண்டுவந்த அத்தை இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, போனஸைச் சனிக்கிழமை சாயந்திரம் தராமல் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தரும்படியும், தானும் கூடவே வந்து வாங்கிக்கொண்டு அப்படியே துணி எடுக்கப் போய்விடுவதாகவும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறக்க வேண்டுமா என்று சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.